இராணுவக் கழகத்தில் பொறியியல் பட்டம்: இலவசமா, ஒப்பந்தமா?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவந்தால் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளைக்குப் பொறியியல் படிக்க ஆசை. அப்பாவின் சம்பளமோ வீட்டுக் கடனுக்கும் கார் தவணைக்கும் சரியாகப் போய்விடுகிறது. அந்த நேரத்தில், "இராணுவத்தில் சேர்ந்தால் காசில்லாமலே இன்ஜினியர் ஆகலாமே" என்று யாராவது சொன்னால் பெற்றோர் நிமிர்ந்து உட்காருவார்கள். வாய்ப்பு உண்மையானதுதான். ஆனால், அதன் விலை என்ன?

கோலாலம்பூர், சுங்கை பீசி முகாமில் மலேசிய தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. 1995-இல் இராணுவக் கல்விக் கழகமாகத் தொடங்கி, 2006-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பயிற்சி அதிகாரிகளாகச் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கிறது. தங்குமிடம், சீருடை, மாதந்தோறும் அலவன்ஸ் என எல்லாம் உண்டு. பட்டம் பெற்றதும் அதிகாரி பதவி காத்திருக்கிறது. இது வரவுப் பக்கம்.

இந்த வரவு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அளவு அல்ல. பிள்ளை தனியார் கல்லூரிக்குப் போக வேண்டிய நிலை என்றால், மிச்சமாகும் தொகை மிகப் பெரியது. ஆனால், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தால், அங்கே கட்டணத்தின் பெரும் பகுதியை அரசாங்கம் ஏற்கெனவே சுமக்கிறது. அப்போது மிச்சமாவது சாப்பாட்டுச் செலவும் பி.டி.பி.டி.என். கடனும்தான். பட்டம் ஒன்றே என்றாலும் இலாபம் வேறு வேறு.

சரி, செலவுப் பக்கம் எது? பணமாக அல்ல, ஆண்டுகளாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள, விதிமுறைகளை வெளிப்படையாக அறிவித்திருக்கும் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழகத்தைப் பார்க்கலாம். 1802-இல் தொடங்கிய அங்கும் கட்டணம் இல்லை, மாதச் சம்பளமும் உண்டு. ஆனால், பட்டதாரி குறைந்தது 5 ஆண்டுகள் முழுநேரச் சேவை செய்ய வேண்டும். அதற்கு மேல் 3 ஆண்டுகள் சேமப் படையில் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்கு முன் விலகினால் கடன் இல்லை. அதன் பிறகு விலகினால், சிப்பாயாகச் சேவை செய்யவோ படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டவோ நேரிடலாம். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுகள் தேவை. கழகத்தில் படித்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது.

நம் நாட்டு ஒப்பந்தமும் இதே முறையில்தான் படிக்கப்பட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இராணுவ அதிகாரியின் கை ஓங்கியிருக்கலாம். வேலை தேடி அலைய வேண்டியதில்லை, கல்விக் கடன் இல்லை, மருத்துவச் செலவும் இல்லை. வெளியே இருக்கும் நண்பருக்கு அனுபவம் சேரச் சேரச் சம்பளம் உயரும்போதுதான் நிலைமை மாறும். உதாரணத்திற்கு, அவர் மாதம் 1,000 ரிங்கிட் கூடுதலாகச் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000, ஐந்து ஆண்டுகளில் 60,000 ரிங்கிட். ஆக, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுகள்தாம் விலை உயர்ந்த ஆண்டுகள்.

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. பட்டம் வாங்கிய உடனே யாரும் 'இர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள முடியாது. 1967-ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்படி வாரியத்தில் பதிந்து, பொறியியல் பணி அனுபவம் பெற்று, தொழில்முறைத் தேர்விலும் தேற வேண்டும். இராணுவத்தில் பொறியியல் படைப்பிரிவோ மின், இயந்திரப் பிரிவோ கிடைத்தால் அனுபவம் சேரும். காலாட்படைக்கு அனுப்பப்பட்டால், தலைமைத்துவம் வளரும். ஆனால், கையில் இருக்கும் பொறியியல் மெல்ல மெல்லத் துருப்பிடிக்கும்.

ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்துபூர்வமாகப் பதில் கேளுங்கள். சேவை எத்தனை ஆண்டுகள்? பாதியில் விலகினால் எவ்வளவு இழப்பீடு, அதற்கு யார் உத்தரவாதம்? எந்தப் படைப்பிரிவு என்பதை முடிவு செய்வது யார்? ஓய்வூதியம் எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு?

ஐந்தாவது கேள்வியைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். "கட்டணம் இருந்தாலும் இந்தச் சீருடையை நீ விரும்புவாயா?" ஆம் என்றால், இதைவிட நல்ல பேரம் கிடைப்பது அரிது. பதில் சொல்லத் தயங்கினால், பெற்றோரின் பணக் கஷ்டத்துக்காகப் பிள்ளை தன் இளமையை ஈடு வைக்கிறது என்று பொருள். அந்த ஈட்டை இடையில் மீட்பது சுலபமல்ல.