தலைமை ஏற்றவர் கேட்கவேண்டிய கேள்வி

குழு ஒன்றிற்குத் தலைமை தாங்கியவர்கள் பின்னாளில் திரும்பிப் பார்க்கும்போது, "நான் எதைச் சாதித்தேன்?" என்று தம்மைக் கேட்டுக்கொள்வது இயல்பு. எழுப்பிய கட்டடமும் நடத்திய விழாவும் வென்ற கேடயமும் கண்முன் வந்து நிற்கும். ஆனால், "என்னை நம்பி வந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இந்த இரண்டாவது கேள்விக்கு விடையாகத் திகழ்பவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அயர்லாந்தில் 1874இல் பிறந்த இவர், தென் துருவத்தை முதலில் அடையும் பேராவல் கொண்டவர். 1909 சனவரியில் துருவம் இன்னும் 97 கடல் மைல் தொலைவே இருக்க, உணவு குறைந்தது. மேலும் சென்றால் உயிருடன் மீள்வது அரிது என்றுணர்ந்து, மூன்று தோழர்களுடன் திரும்பினார். வழியில் பசியால் வாடிய பிராங்க் வைல்டுக்குத் தம் பங்கு ரொட்டியைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். அன்றுமுதல் வைல்டு அவருக்கு உற்ற துணைவரானார்.

1914இல் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். 'எண்டியூரன்ஸ்' என்ற அவரது கப்பலில் இருந்தவர்கள் 28 பேர். 1915 சனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சிறைப்பிடித்தன. நவம்பரில் அது மூழ்கியது. கண்டத்தைக் கடக்கும் கனவும் அதனுடன் மூழ்கியது. அக்கணமே அவரது இலக்கு மாறிற்று: அனைவரையும் உயிருடன் வீடு சேர்ப்பது!

சுமையைக் குறைக்கத் தம் பொற்காசுகளையே பனியில் வீசினார். ஆனால், ஒருவரது பாஞ்சோ என்னும் நரம்பு இசைக்கருவியை மட்டும் விடாது எடுத்துவரச் செய்தார். சோர்ந்த உள்ளங்களுக்கு இசையே மருந்து என்பதை அவர் அறிந்திருந்தார். முணுமுணுப்பவர்களை ஒதுக்காமல், தம் கூடாரத்திலேயே தங்கவைத்தார். படகுப் பயணத்தில் நிழற்படக் கலைஞர் ஹர்லி கையுறையை இழந்தபோது, தம் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தாம் பனிக்கடுப்பை ஏற்றார்.

1916 ஏப்ரலில் அனைவரும் எலிபெண்ட் தீவை அடைந்தனர். அங்கிருந்து ஐவருடன் சிறு படகொன்றில் ஏறத்தாழ 800 மைல் கொந்தளிக்கும் கடலைக் கடந்து, தெற்கு ஜார்ஜியா தீவில் உதவி தேடினார். அவர் இல்லாத நான்கு மாதங்களும் 22 பேரைச் சிதறாமல் காத்தவர் வைல்டு. "தலைவர் இன்று வரக்கூடும்" என்று கூறி, காலைதோறும் படுக்கைகளைச் சுருட்டச் செய்தார். மூன்று முயற்சிகள் தோற்றபின், 1916 ஆகஸ்ட் 30ஆம் நாள் சிலி நாட்டின் 'யெல்ச்சோ' கப்பலில் ஷாக்கிள்டன் வந்தார். 28 பேரும் உயிர் பிழைத்தனர்.

ஆயினும், அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நேர்மையன்று. கண்டத்தின் மறுபுறத்தில் உணவுக்கிடங்கு அமைக்கச் சென்ற அவரது மற்றொரு குழுவில் மூவர் மாண்டனர். கப்பல் தச்சர் மக்னிஷ், பனியில் ஒருமுறை அவருடைய கட்டளைக்குப் பணிய மறுத்தவர். ஆனால், அந்தச் சிறு படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே துணி போர்த்திக் கடலுக்குத் தகுதியாக்கியதும் அவரே. அதில் உடன் சென்றவரும் அவரே. இருந்தும், துருவப் பதக்கத்திற்குப் பரிந்துரைத்தபோது அவர் பெயரை ஷாக்கிள்டன் விட்டுவிட்டார். ஆபத்தில் அருகில் வைத்துக்கொண்டவரை, ஆபத்து நீங்கியபின் மன்னிக்க இயலவில்லை!

இங்கேதான் நமக்குரிய பாடம் உள்ளது. பெரும் புயலில் நிமிர்ந்து நிற்கும் நாம், ஒரு பழைய மனத்தாங்கலில் சறுக்கி விழுகிறோம். நம் வலிமை எது என்று அறிவது எளிது. அவ்வலிமை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று அறிவதே கடினம்.

குடும்பத்தை நடத்தும் தாய்தந்தையரே, வகுப்பை நடத்தும் ஆசிரியர்களே, இளைஞர் குழுவை வழிநடத்தும் தோழர்களே! இன்றிரவு விளக்கை அணைக்குமுன் சற்றே எண்ணிப் பாருங்கள். நாம் இல்லாத நாளிலும் நம் குழு ஒன்றாக நிற்குமா? எதிர்த்துப் பேசியதற்காக நாம் மறந்துவிட்ட உழைப்பாளி எவரேனும் உண்டா? உண்டெனில், நாளை முதல்வேலை அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதாக இருக்கட்டும்.