நடுத்தர நாடுகளின் காலம் – 7: இரும்புத்தாது முதல் போர்க்கப்பல் வரை

அமெரிக்கா எழுந்துபோன பிறகும் பசிபிக் வணிக ஒப்பந்தத்தைக் கைவிடாமல், மீதிப் பதினொரு நாடுகள் 2018-இல் கையெழுத்திட்டு முடித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பதினொன்றில் முன்னின்று மற்றவர்களையும் இழுத்து வந்தவை ஜப்பானும் ஆஸ்திரேலியாவும். இவ்விரண்டுக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது?

நியாயமாகப் பார்த்தால் வந்திருக்கவே கூடாது. 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் துறைமுகத்தில் குண்டு மழை பொழிந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஜப்பானிடம் சிறைப்பட்ட சுமார் 22,000 ஆஸ்திரேலியச் சிப்பாய்களில் மூன்றில் ஒருவர் வீடு திரும்பவில்லை. அவர்களில் பலரைக் கொன்றது சயாம்–பர்மா ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததும் அதே பாதையில்தான். ஆனால், அவர்களுக்காக யாரிடமும் கணக்குக் கேட்க ஓர் அரசாங்கம் இருக்கவில்லை. 1951-இல் ஆஸ்திரேலியா அமெரிக்காவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொள்ளத் துடித்ததற்கும், ஜப்பான் மறுபடி தலைதூக்கிவிடுமோ என்ற பயம் ஒரு முக்கியக் காரணம்.

ஆறே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1957 ஜூலை 6 அன்று ஜப்பானின் ஹகோனேயில் இரு நாடுகளும் வணிக ஒப்பந்தம் போட்டன. ஆஸ்திரேலியா சார்பில் வணிக அமைச்சர் ஜான் மெக்யூவன், ஜப்பான் சார்பில் பிரதமர் நொபுசுகே கிஷி. இந்தக் கிஷி யார் என்றால், போர்க்காலத்தில் பிரதமர் டோஜோவின் அமைச்சரவையில் இருந்தவர்; போர்க்குற்றச் சந்தேகத்தில் சுகாமோ சிறையில் மூன்றாண்டுக்கு மேல் அடைபட்டு, விசாரணை இல்லாமலே வெளியே வந்தவர். அவரோடு கைகுலுக்குவதை முன்னாள் போர்வீரர்கள் எப்படி ஏற்பார்கள்? எதிர்க்கட்சியான தொழிற்கட்சி எதிர்த்தது. மலிவான ஜப்பானியத் துணி வந்து குவியும் என்று ஆலை முதலாளிகள் அலறினார்கள்.

மெக்யூவன் அசரவில்லை. அவர் விவசாயி, நாட்டுக் கட்சிக்காரர். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆஸ்திரேலியக் கம்பளியையும் கோதுமையையும் வாங்க ஆள் வேண்டும். பிரிட்டன் அதுவரை தாய்வீட்டுச் சந்தையாக இருந்தது. அந்த வீட்டின் கதவு மெல்லச் சாத்தப்படுவதை அவர் பார்த்துவிட்டார். அவர் கணித்தது தப்பவில்லை. 1961-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர பிரிட்டன் மனுப்போட்டது. 1973-இல் சேர்ந்தே விட்டது. ஜப்பானுக்கோ வேறு நெருக்கடி. காட் (GATT) எனும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தில் 1955-இல் இடம் கிடைத்தும், ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகள் அதன் சரக்குக்குச் சமமான வரிச் சலுகை தர மறுத்துக்கொண்டிருந்தன. ஹகோனேயில் ஜப்பானுக்குக் கிடைத்தது அந்தச் சமநிலை. ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது, கம்பளிக்கு வரி வராது என்ற உறுதியும் கோதுமைக்கு நியாயமான இடமும். அந்தக் காகிதத்தில் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. இரண்டு பக்கமும் தத்தம் பிழைப்பைப் பார்த்தன என்றுதான் நான் படிக்கிறேன். உறவு நீடித்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது இரும்புத்தாது. 1938-இல் ஆஸ்திரேலிய அரசு தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. கையிருப்பு குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜப்பானியர் சுரங்கம் தோண்ட வந்தது சொல்லப்படாத காரணம். 1960-இல் தடை தளர்ந்தது. பில்பரா பாலைநிலத்தில் தாது மலைமலையாகக் கிடந்தது. ரயிலும் இல்லை, துறைமுகமும் இல்லை. ஜப்பானிய எஃகு ஆலைகள் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொள்வதாக நீண்டகால ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தன. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் சுரங்கக்காரர்கள் கடன் வாங்கினார்கள். ரயில்பாதை, துறைமுகம், ஊர் எல்லாம் எழுந்து, 1966-இல் தாது கப்பலேறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆஸ்திரேலியாவின் முதல் ஏற்றுமதிச் சந்தை என்ற இடத்தைப் பிரிட்டனிடமிருந்து ஜப்பான் பிடித்துவிட்டது.

இதே உத்தி அரை நூற்றாண்டு கழித்து அருமண் தனிமங்களில் மறுபடி வந்தது. 2010 செப்டம்பரில் இரு நாடுகளும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகும் ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களும் மோதிக்கொண்டன. அதையடுத்து, சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வரவேண்டிய அருமண் சரக்கு தடைப்பட்டது. கார் மோட்டார் காந்தத்திலிருந்து காற்றாலை வரை அது இல்லாமல் நகராது. ஜப்பானோ பெரும்பகுதியைச் சீனாவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. மறு ஆண்டே ஜப்பானின் அரசு வள நிறுவனமான ஜாக்மெக்கும் சோஜிட்ஸ் வணிக நிறுவனமும் சேர்ந்து, லைனாஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு 25 கோடி டாலர் ஏற்பாடு செய்தன. சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில். சுத்திகரிப்பு ஆலை மலேசியாவின் குவாந்தானில். கதிரியக்கக் கழிவு எங்கள் ஊருக்கா என்று மலேசியாவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நியாயமான கேள்விதான். இத்தகைய கூட்டணிகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

பிறகு விலை சரிந்து லைனாஸ் மூழ்கும் நிலைக்கு வந்தது. சாதாரண முதலீட்டாளர் போட்டதை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார். ஜப்பானியர்கள் 2016-இல் தவணையை நீட்டினார்கள், வட்டியைக் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் ஏழு வகை அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. அடுத்த மாதமே அவற்றில் ஒன்றான டிஸ்ப்ரோசியத்தை லைனாஸ் குவாந்தானில் பிரித்தெடுத்துக் காட்டியது.

வணிகம் வேரூன்றிய பிறகுதான் ஆயுதம். 2007-இல் பாதுகாப்புக் கூட்டறிக்கை. 2014-இல் கிஷியின் பேரன் ஷின்சோ அபே, பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட கான்பெரா வந்தார். அங்கே நாடாளுமன்றத்தில் நின்று, போரில் தம் சிப்பாய்கள் மடிந்த இடங்களாக ஆஸ்திரேலியர்கள் மறக்காத கோகோடா, சண்டகான் பெயர்களை அவரே சொல்லி இரங்கல் தெரிவித்தார். தாத்தா காலத்தில் எழுதாமல் விட்டது 57 ஆண்டு கழித்துப் பேச்சில் வந்தது. 2016-இல் நீர்மூழ்கிக் கப்பல் வாங்கும்போது ஆஸ்திரேலியா ஜப்பானை விட்டுவிட்டுப் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்தது. டோக்கியோ கசந்துபோனாலும் கதவைச் சாத்தவில்லை. 2023-இல் ஒருவர் மண்ணில் மற்றவர் படை பயிற்சி செய்ய வழிசெய்யும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் ஜப்பானின் மொகாமி வகைப் போர்க்கப்பல்களின் மேம்படுத்திய வடிவத்தை ஆஸ்திரேலியா தேர்ந்தெடுத்தது. 11 கப்பல்கள், முதல் மூன்று ஜப்பானில், மீதி மேற்கு ஆஸ்திரேலியாவில். முதல் கப்பல் 2029-இல் வந்து சேரவேண்டும்.

டிரம்புக்குப் பயந்து நடுத்தர நாடுகள் திடீரென்று ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கின்றன என்று இப்போது எழுதுகிறார்கள். இந்த ஜோடி விஷயத்தில் அது பொருந்தாது. அமெரிக்காவை விட்டு விலகவும் இவர்கள் நினைக்கவில்லை. இரண்டு நாட்டிலும் அமெரிக்கப் படை இருக்கிறது. அமெரிக்கா சொன்ன சொல் தவறும் நாளுக்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மாற்று எவ்வளவு தாங்கும் என்பதற்கு முதல் சோதனை 2029. இவ்வளவு பெரிய போர்க்கப்பலை வெளிநாட்டுக்குக் கட்டிக் கொடுத்த அனுபவம் போருக்குப் பிந்தைய ஜப்பானுக்குக் கிடையாது. குறித்த தேதியில் கப்பல் கட்டி முடித்த பெயர் ஆஸ்திரேலியாவுக்கும் கிடையாது.

(தொடரும்)