வெயில் பட்டால் பாம்பின் நிறம் மாறுமா?

"போன வருஷம் மஞ்சளாகத் திரிந்த சாரை, இந்த வருஷம் வெயிலில் கறுத்துப்போச்சு" என்று மேலூர், வாடிப்பட்டி வயல்காட்டில் பேசிக்கொள்வதுண்டு. புற்றுக்குள்ளேயே கிடப்பதால்தான் சில பாம்புகள் வெள்ளையாக இருக்கின்றன என்பாரும் உண்டு. இரண்டும் சரியல்ல.

நிறம் எங்கிருந்து வருகிறது?

பாம்பின் நிறம் தோலில் உள்ள நிறமிச் செல்களால் வருவது. கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமி தருவது. மஞ்சள், சிவப்புக்கு வேறு செல்கள் உண்டு. எது எவ்வளவு, எந்த இடத்தில் என்பதைப் பெரும்பாலும் மரபணுவே முடிவு செய்கிறது. ஒரே வெயிலில் விளைந்தாலும் மாப்பிள்ளைச் சம்பா அரிசி சிவப்பு, கிச்சிலிச் சம்பா வெள்ளை. அதுபோலத்தான் இதுவும்.

2023 மே மாதம் கோவை குறிச்சிப் பகுதியில் வெள்ளை நாகம் ஒன்று பிடிபட்டு, ஆனைகட்டிப் பக்கம் காட்டில் விடப்பட்டது. இப்படிப்பட்ட வெண்மைக்குக் காரணம் பிறவியிலேயே மெலனின் இல்லாமை, நிழல் அல்ல. வெளிநாடுகளில் செல்லமாக வளர்க்கும் மலைப்பாம்புகளின் விதவிதமான நிறங்களும் இனச்சேர்க்கையில் தேர்ந்தெடுத்து உருவாக்கியவையே.

பிறகு ஏன் மாறியதுபோல் தெரிகிறது?

சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு பாம்பின் உடல் மங்கி, கண்ணில் பால் படர்ந்ததுபோல் இருக்கும். உரித்த பிறகு பளபளக்கும். திருமங்கலம் கரிசலில் ஊர்ந்த பாம்பின் மேல் கரிசல் படியும். செம்மண்ணில் ஊர்ந்தது சிவந்து தெரியும். குட்டிக்கும் வளர்ந்த பாம்புக்கும் நிறம் வேறுபடும். போன வருஷம் பார்த்த சாரையும் இந்த வருஷம் பார்த்ததும் வேறு வேறு பாம்பாகவும் இருக்கலாம்.

பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறும் பாம்பும் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான் குளிர்காலத்தில் கறுத்து, கோடையில் வெளிறும். கறுப்பு வெப்பத்தை அதிகம் ஈர்க்கும் என்பதால் இந்த ஏற்பாடு. நம் ஊர் நம்பிக்கைக்கு இது நேர் எதிர்!

வெயில் எதற்கு?

பாம்புக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் மார்கழிக் காலையில் வரப்பிலும் களத்துமேட்டிலும் வெயில் காய்கிறது. உச்சி வெயிலில் அதுவே நிழல் தேடும். ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டால் செத்துப்போகும். பனிக்கால விடியலில் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் கையில் டார்ச், கம்பு, காலில் பூட்ஸ் இல்லாமல் போக வேண்டாம்.

நிறத்தை நம்பாதீர்கள்

நல்ல பாம்பு கோதுமை நிறத்திலும் இருக்கும், பழுப்பிலும் இருக்கும், கறுப்பிலும் இருக்கும். படமெடுக்காமல் ஓடும்போது சாரை என்றே தோன்றும். சாரையை நாகம் என்று அடித்துக் கொல்வதும், நாகத்தைச் சாரை என்று அசட்டையாக இருப்பதும் இதனால்தான். கட்டு விரியனின் வெள்ளை வளையங்கள் சிலவற்றில் மங்கலாக இருக்கும். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனோ கட்டு விரியன்போலவே தெரியும்.

எனவே கடித்தது எந்த நிறமானாலும் ஒரே வழிதான். கடிபட்ட இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. பாம்பை அடித்து எடுத்துப்போகும் வேலையில் நேரத்தை இழக்க வேண்டாம்.

நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். வயலில் சாரை கண்ணில் பட்டால், மஞ்சளோ கறுப்போ, வழிவிட்டு ஒதுங்குங்கள். எலி வளைக்குள்ளேயே புகுந்து எலியைப் பிடிக்கும் ஆள் அது, கூலியும் கேட்காது.