காலண்டரைப் பார்த்துக் காரைக் கவனிப்போம்

முதல் கார் வாங்கிய வீட்டில் அன்று ஒரு கல்யாணக் களை இருக்கும். சாவியை வாங்கிய கையோடு கோயிலுக்குப் போகிறோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். ஊருக்குப் போன் செய்து அப்பா அம்மாவிடம் சொல்கிறோம். எல்லாம் முறையாக நடக்கிறது. ஆனால் காரோடு வந்த கையேடு மட்டும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் முன்பக்கப் பெட்டிக்குள் தூங்கத் தொடங்கிவிடுகிறது!

நான் பெங்களூருவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்பில் யாருடைய கார் முரண்டு பிடித்தாலும் முதலில் என் வீட்டு அழைப்பு மணிதான் அடிக்கும். அப்படி வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையே இங்கே தொகுத்திருக்கிறேன். புதிதாகக் கார் வாங்கிய நம் அன்பர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

அன்றும் இன்றும்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தேய்ப்பதும் ஞாயிற்றுக்கிழமை வேலைகள். அந்த ஸ்பார்க் பிளக்கில் பல நம்மூர் ஆடுகோடி 'மைக்கோ' ஆலையில் செய்தவை. 1951-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 2008-இல் 'பாஷ்' என்று பெயர் மாறியது.

இன்றைய கார்களில் இந்த வேலைகளை எல்லாம் ஒரு சிறிய கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. நமக்கு மிஞ்சியிருப்பவை ஐந்துதான்: எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டயர் காற்று, பேட்டரி. இந்த ஐந்தையும் கவனிக்க மெக்கானிக் படிப்பு தேவையில்லை. மாதம் பத்து நிமிடம் போதும்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள்

'பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அப்போது சர்வீஸ்' என்று பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் இருக்கும். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். "இன்னும் நாலாயிரம்கூட ஓடலையே, அதுக்குள்ள என்ன சர்வீஸ்?" என்பது நான் அடிக்கடி கேட்கும் வசனம்.

பெங்களூருக் கார் எப்படி ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் அடித்தளத்தில் நிற்கிறது. சனிக்கிழமை காய்கறி வாங்க மூன்று கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் முழுச் சூடு ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். எஞ்சினுக்குள் படியும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலோடு கலக்கிறது. குறைந்த தூரம், நின்று நின்று போகும் ஓட்டம் ஆகியவற்றைப் பல கையேடுகள் 'கடுமையான உபயோகம்' என்ற தலைப்பில்தான் வைத்திருக்கின்றன.

இப்படி நின்று நின்று சோம்பிய வண்டியில்தான் பொங்கலுக்கு முதல் நாள் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஆறு பேரையும் டிக்கி நிறையப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். சேலத்துக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மதுரைக்கு 400-ஐத் தாண்டிவிடும். ஆகவே நம் காருக்குக் கணக்கு காலண்டர்தான். மாதப் பிறப்பன்று ஒருமுறை பானெட்டைத் திறப்பது என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் திறந்தால்

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடியிருந்தால் அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் குச்சியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் தெரிந்தால் சரி. மேல்குறிக்கு மேலே ஊற்றுவதும் கெடுதல்தான்.

அடுத்து, வெள்ளையாகத் தெரியும் கூலன்ட் தொட்டி. அதிலும் இரண்டு குறிகள் உண்டு. குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதைச் சமையலறைப் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கையேட்டில் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி திறந்ததும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். (சென்னை பாடியில் உள்ள சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கே இந்த மூடியைச் செய்து அனுப்பியது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.)

மூன்றாவது பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சும். ஆகவே அளவு சரியாக இருந்தாலும் பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். காரணம் தொப்பூரில் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

காற்றும் 'காளி'யும்

பஞ்சர் கடையில் போய் நின்றால், "காளி ஹாக்பேக்கா?" என்று கேட்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த என் மாமியார் அம்மன் பெயரைச் சொல்கிறார்களோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்! கன்னடத்தில் காற்றுக்கு அதுதான் பெயர்.

எவ்வளவு காற்று என்பதைக் கடைக்காரர் சொல்லக்கூடாது; கார் சொல்ல வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் அளவு இருக்கும். நிறைய ஆட்களும் சாமானும் ஏற்றும்போது பின்டயருக்குக் கூடுதல் அளவு தனியாகப் போட்டிருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது அந்த அளவுதான் வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே நிரப்புங்கள். ஏறக்குறைய ஆறு டிகிரி சூட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் அழுத்தம் கூடும். கிருஷ்ணகிரி வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அளந்துவிட்டு 'அதிகம்' என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள். ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்க மறக்க வேண்டாம். 2020-இல் விதி திருத்தப்பட்ட பிறகு சில புதிய கார்கள் ஸ்டெப்னி இல்லாமல் பஞ்சர் ஒட்டும் சாதனத்தோடு மட்டும் வருகின்றன. உங்கள் காரில் எது என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

'டிக் டிக்' பேட்டரி

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மாலையில் மேல்மாடித் தம்பி ஒருவர் வந்தார். சொந்த ஊர் திருநெல்வேலி.

"சார், காலையில ஊருக்குக் கிளம்பணும். சாவியைத் திருப்பினா டிக் டிக்ங்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"தம்பி, கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"தீபாவளிக்கு ஊருக்குப் போனது சார். ஆனா வாரா வாரம் கீழ வந்து அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணித்தான் வைக்கிறேன்."

இந்த ஐந்து நிமிடம்தான் பேட்டரிக்குச் சத்துரு. ஸ்டார்ட் செய்ய எடுக்கும் மின்சாரத்தை நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடித் திருப்பித் தர முடியாது. ஒவ்வொரு வாரமும் கடன் ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதே சரியான வைத்தியம். அது டயருக்கும் பிரேக்குக்கும்கூட நல்லது.

அன்று என் காரிலிருந்து ஜம்பர் வயர் போட்டுக் கிளப்பினோம். முறை இதுதான்: முதலில் சிவப்பு வயரை இறந்த பேட்டரியின் பிளஸ் முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை இறந்த வண்டியின் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை. சாதாரணமாக மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை ஊர்ப் பயணத்துக்கு முன் கடையில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

எலியும் மழையும்

அடித்தளத்தில் நிற்கும் காருக்கு எலி பெரிய எதிரி. காரில் முறுக்கு, பிஸ்கட் துணுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறக்கும்போது எச்சமோ, கடித்த வயரோ தெரிகிறதா பாருங்கள். அடிக்கடி நகரும் காரில் எலி குடும்பம் நடத்துவது அரிது.

2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலையும் ஏமலூர்ப் பகுதியும் வெள்ளக்காடானபோது விலையுயர்ந்த கார்களும் அடித்தளங்களில் மூழ்கின. அப்படி நீரில் நின்ற காரைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும். கூடவே கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் அனுப்புங்கள். இந்தச் சேதத்துக்குச் சாதாரண காப்பீடு பெரும்பாலும் ஈடு தராது. 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவு வேண்டும். இன்னொன்று: 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடக் காப்பீடு என்று வந்தது எதிர்த் தரப்பாருக்கான பகுதி மட்டுமே. நம் காரின் சேதத்துக்கான பகுதி ஒரு வருடத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டிருந்தால் வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

விளக்கின் பாஷை

முன்பலகையில் எரியும் விளக்குகளைச் சிக்னல் போலவே படிக்கலாம். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி, பச்சையும் நீலமும் வெறும் தகவல். எண்ணெய்க் கிண்ணி போன்ற சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்றால் எஞ்சின் போய்விடும். சூட்டு விளக்கு சிவப்பானாலும் அப்படியே. முழுவதும் ஆறிய பிறகே மூடி. எஞ்சின் படம் மஞ்சளாக நிலையாக எரிந்தால் பதறாமல் ஒர்க்‌ஷாப் போகலாம். அதுவே கண் சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

தொப்பூர் இறக்கம்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆகவே நமக்கு ஊருக்குப் போவது என்றாலே இறக்கம்தான். அதில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாய் மிகக் கவனமாகக் கடக்க வேண்டிய இடம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கட்டுப்பாடு இழந்த லாரிகளால் அங்கே பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதி உயிர்கள் போயின.

நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிவிடும். 'டாட் 4' வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடக் கணக்கை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கீழ்க் கியரில் நிறுத்தும் வசதி எது என்று கையேட்டில் பாருங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது பழைய கதை. இன்றைய கார்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சினை உயிரோடு வைக்கப் பெட்ரோல் செலவாகும். லாரிகளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள். கருகிய நெடி வந்தால் பத்திரமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108. இந்த எண்களை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.

சர்வீஸ் கவுன்டரில்

'இலவச சர்வீஸ்' என்பது பெரும்பாலும் கூலி மட்டும் இலவசம்; ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு. அந்தப் பூச்சு, இந்தச் சுத்திகரிப்பு என்று நீளும் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், கையேட்டின் அட்டவணையை எடுத்து அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பில்லையும் ஜாப் கார்டையும் ஒரு ஃபைலில் சேருங்கள். வாரன்டிக்கும், பிறகு வண்டியை விற்கும்போதும் அதுவே சாட்சி.

ஆயுத பூஜை அன்று காருக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனம் வைக்கும் வழக்கம் இந்த ஊரில் நம் ஊரைவிடச் சிறப்பாக நடக்கிறது. அந்த மரியாதையில் மாதம் பத்து நிமிடத்தையும் சேர்த்துக்கொள்வோம். கணவர் மட்டும் அல்லாமல் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். இந்த வாரம் முதல் வேலையாகக் கையேட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கடைசியாகப் பிரேக் ஆயில் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பயணங்கள் இனிதாகுக!