தோண்டுமுன்னே விலைபேசப்படும் கனிமம்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து, அதைக் கட்டி முடிக்கத் தன்னிடம் போதிய பொருளுண்டா எனக் கணக்குப் பார்க்க வேண்டும் என நம் ஆண்டவர் போதித்ததை லூக்கா நற்செய்தியில் காண்கின்றோம். ஐரோப்பாவில் லித்தியச் சுரங்கம் அமைக்க முனைவோர் இன்று இக்கணக்கில்தான் ஆழ்ந்துள்ளனர். அக்கணக்கில் இடம்பெற்றவர் யார், விடுபட்டவர் யார் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

லித்தியம் உலோகங்கள் யாவற்றிலும் இலேசானது. 1817-இல் சுவீடன் நாட்டு ஊத்தோ தீவின் கல்லொன்றில் அதனைக் கண்டறிந்தவர் அர்ஃப்வெட்சன் என்னும் இளம் வேதியியலறிஞர். கைத்தொலைபேசி முதல் மின்சார மோட்டார் வண்டி வரை அனைத்திற்கும் இன்று அது தேவை. ஐரோப்பாவில் கண்டறியப்பட்டதாயினும், இன்று அது பெரும்பாலும் ஆஸ்திரேலியா, சிலி, சீனா ஆகிய நாடுகளில் தோண்டப்படுகின்றது. சுத்திகரிப்பில் சீனாவே முன்னிற்கின்றது. எனவே, 2030-க்குள் தன் தேவையில் 10 விழுக்காட்டையேனும் தன் நிலத்திலேயே எடுக்க வேண்டும் என்னும் இலக்கை வகுத்த சட்டம் ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024 மே மாதம் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

வாங்குவோர் ஏன் முந்துகின்றனர்?

சுரங்கம் ஒரு காசும் ஈட்டுமுன் பல்லாண்டுகள் கழிகின்றன. பெரும் முதல் முடங்குகின்றது. விலையோ நிலையற்றது. 2022 இறுதியில் டன்னுக்கு 80,000 டாலரை நெருங்கிய லித்தியக் கார்பனேட்டின் விலை, 2024-இல் ஏறத்தாழ 10,000 டாலராகச் சரிந்தது. இந்நிலையில், விளையப்போகும் பொருளை வாங்க ஆளுண்டு என்னும் எழுத்துறுதியின்றி எந்த வங்கி கடன் கொடுக்கும்? வாங்குவோருக்கும் ஆதாயம் உண்டு. தம் ஆலைக்கு மூலப்பொருள் தடையின்றி வந்து சேரும் என்னும் நிம்மதி கிட்டுகின்றது. ஆஸ்திரிய நாட்டு உல்ஃப்ஸ்பெர்க் சுரங்கத் திட்டத்தோடு 2022-இல் ஒப்பந்தம் செய்த பி.எம்.டபிள்யூ. நிறுவனம், நிபந்தனைகள் நிறைவேறியபின் 15 மில்லியன் டாலர் முன்பணம் தர இசைந்தது இதனாலேயே.

போர்த்துகல் நாட்டின் வடக்கே, போத்திகாஸ் வட்டாரத்திலுள்ள பாரோசோ மலைப்பகுதியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அங்கே சவானா ரிசோர்சஸ் என்னும் நிறுவனம் சுரங்கம் அமைக்க முயல்கின்றது. 2021 ஜனவரியில் அந்நாட்டு எண்ணெய் நிறுவனமான கால்ப், திட்டத்தில் 10 விழுக்காடு பங்கும், ஆண்டுக்கு 1,00,000 டன் வரை கனிமமும் பெறப் பேச்சு நடத்தியது. சில மாதங்களிலேயே அது முறிந்தது. 2024 ஜூனில் நெதர்லாந்து நாட்டு ஏ.எம்.ஜி. நிறுவனம் 16 மில்லியன் பவுன் முதலீடு செய்து, சவானாவில் 15.77 விழுக்காடு பங்கு பெற்றது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 45,000 டன் வாங்கவும் ஒப்பியது. முழு நிதிக்கும் அதுவே வழிசெய்தால், பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 90,000 டன் பெறும். ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்டில் அவ்வாண்டே அது திறந்த சுத்திகரிப்பாலைக்கு மூலப்பொருள் வேண்டுமன்றோ!

நாபோத்தின் தோட்டம்

ஆயினும், அம்மலையில் மக்கள் வாழ்கின்றனர். கோவாஸ் தோ பாரோசோ முதலிய சிற்றூர்களில் மாடு மேய்த்தும், ஊர்ப்பொதுநிலத்தைத் தம்முள் பகிர்ந்து காத்தும் வாழும் அவர்தம் வேளாண்முறையை, 2018-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. திறந்தவெளிச் சுரங்கத்தால் நீரும் மேய்ச்சலும் கெடும் என அவர்களுள் பலர் அஞ்சுகின்றனர். 2023 மே மாதம் சுற்றுச்சூழல் அமைப்பு நிபந்தனைகளுடன் இசைவு தந்தது. அவ்வாண்டு நவம்பரில், லித்திய உரிமங்களையும் உள்ளடக்கிய ஊழல் விசாரணை ஒன்றினிடையே பிரதமர் அந்தோனியோ கோஸ்தா பதவி விலகினார். 2024 டிசம்பரில், உரிமையாளர் இசையாத நிலங்களிலும் ஓராண்டுக்கு நுழைந்து ஆய்வு செய்ய அரசு ஆணை பிறப்பித்தது. மூதாதையர் விட்டுச்சென்ற நிலத்தை நல்ல விலைக்கும் கொடுக்க மறுத்த நாபோத்து நம் நினைவுக்கு வருகின்றான்.

எனினும், ஒருதலையாகத் தீர்ப்பிடல் முறையன்று. புகை கக்கும் எரிபொருளினின்று உலகம் விடுபட மின்கலங்கள் வேண்டும். ஐரோப்பா தோண்ட மறுத்தால், அச்சுமை தொலைநாட்டு ஏழைகளின் தலையில் ஏறலாம். வேலைவாய்ப்பையும் ஊர்நல நிதியையும் நிறுவனமும் வாக்களித்துள்ளது.

ஆகவே, ஒப்பந்தம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அது முழுமை பெற வேண்டும் என்பதே. இத்தகைய திட்டங்களை ஆராயும்போது அவ்வூர் மக்களுக்குச் சிறப்பிடம் தரவேண்டும் என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். வாங்குவோரின் சொல்லுக்குச் சுரங்கத்தார் செவிசாய்த்தே தீருவர். டன்னையும் விலையையும் எழுதும் அவர்கள், ஊற்றுநீரின் தூய்மையையும் ஊராரின் இசைவையும் நிபந்தனையாக எழுத இயலாதா? லித்தியம் எவ்வாறு எடுக்கப்பட்டது என மின்கலம் விற்போரே விசாரித்தறிய வேண்டும் என்னும் கடமையை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு மின்கலச் சட்டமும் விதிக்கின்றது. அக்கடமையை மனச்சான்றோடு ஆற்றுவார்களாயின், கோபுரமும் எழும், நாபோத்தும் வாழ்வான்.