சூட்டை உண்டாக்காமல் இருப்பதே மலிவு

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துச் சந்தொன்றில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும் என் பிழைப்பு. சித்திரை பிறந்தால் போதும், கல்லூரிப் பையன்கள் ஒரே கேள்வியோடு வந்துவிடுவார்கள். “அண்ணே, ஓவர்கிளாக் பண்ணேன், தொண்ணூறைத் தொடுது. லிக்விட் கூலர் போட்டுடலாமா?” பட்ஜெட் எவ்வளவு என்றால் ஆயிரம், மிஞ்சிப்போனால் இரண்டாயிரம். அந்தக் காசுக்கு உருப்படியான லிக்விட் கூலர் வராது. “முதல்ல பயாஸைத் திற தம்பி, வோல்டேஜ் எவ்வளவு வெச்சிருக்கேன்னு பார்ப்போம்” என்பேன்.

ஓவர்கிளாக் என்பது கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ப்ராசஸரை ஓட்டுவது. காசில்லாதவர்களின் வித்தையாகத்தான் இது பரவியது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸுக்கு விற்ற மலிவுச் சரக்கு. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் அதுவே 450-ல் ஓடும். சில போர்டுகளில் அதற்காக ஒரு பின்னின் மேல் டேப் ஒட்டி மறைப்பார்கள், இல்லை நகப்பூச்சு தடவுவார்கள். விலையுயர்ந்த பென்டியம் 2-க்குச் சமமான வேகம், கொஞ்சம் நகப்பூச்சுச் செலவில்!

இன்று அவ்வளவு இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. என்னிடம் அதிகம் வருவது 2019-ல் வெளியான ரைசன் 5 3600, பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் ஓவர்கிளாக் செய்யாமலே 88 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. சாதாரண சீலிங் ஃபேன் இழுக்கும் கரண்டை விட அதிகம். அதில் பெரும்பகுதி, நகத்தளவே இருக்கும் 74 சதுர மில்லிமீட்டர் சில்லில் சூடாக மாறுகிறது.

வேகத்தைக் கூட்டினால் சூடு அதே விகிதத்தில் கூடும், அது பரவாயில்லை. ஆனால் வேகம் கூடினால் ப்ராசஸர் நிலையாக ஓட வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.0 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4.2-க்குப் போக 1.35 வோல்ட் கேட்கிறது. வேகத்தில் கிடைத்தது 5 சதவீதம். சூட்டில் ஏறியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த 5 சதவீதம் கேம் விளையாடும்போது கண்ணுக்கே தெரியாது.

ஆகவே கையில் காசில்லாதவன் முதலில் செய்ய வேண்டியது கடைசியாக ஏற்றிய 100, 200 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுப்பது. அடுத்தது, வோல்டேஜைச் சிறுகச் சிறுகக் குறைப்பது. ஒரே மாடலில்கூட ஒரு சில்லுக்கு 1.3 வேண்டும், இன்னொன்று 1.2-லேயே சமர்த்தாக ஓடும். அது அவரவர் அதிர்ஷ்டம். ‘ஆட்டோ’வில் விட்டால் பல போர்டுகள் எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாகவே வோல்டேஜ் கொடுத்துவிடும். ஒன்றும் வாங்காமலே டெம்ப்பரேச்சர் இறங்குவது இந்த ஓர் இடத்தில்தான்.

ஊர் விஷயம் ஒன்றும் இருக்கிறது. எந்த ஏர் கூலரும் ப்ராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. லிக்விட் கூலரும் அப்படித்தான். அதன் ரேடியேட்டரும் அறைக் காற்றை நம்பித்தான் இருக்கிறது. 22 டிகிரி அறையில் 60 காட்டும் கூலர், நம்முடைய 38 டிகிரி மொட்டைமாடி அறையில் 76 காட்டும். அதில் கூலர் மேல் குற்றமில்லை. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

இனி கையால் செய்யும் வேலை. பழைய மெஷினில், ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருக்கும். தாமிரம் காற்றைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பேஸ்ட் இரண்டுக்கும் நடுவில், உலோகத்தைவிட வெகு கீழே. அதனால் நுண்ணிய இடுக்குகளில் இருக்கும் காற்றை விரட்டும் அளவுக்கு இருந்தால் போதும். நடுவில் ஒரு பட்டாணி அளவு. மிச்சத்தைக் கூலரின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். பற்பசை போட்டாலும் குளிரும் என்று யாராவது சொல்வார்கள். குளிரும்தான், காய்கிற வரைக்கும்.

இந்த ரைசன் உட்காரும் ஏ.எம்.4 சாக்கெட்டில் கூலரைக் கழற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. இதில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன, 1,331 பின்கள். காய்ந்த பேஸ்ட் பிடித்திருக்க, கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசஸரும் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின் வளைந்தால் ஊசியும் பூதக்கண்ணாடியுமாக ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான். மெஷினைப் பத்து நிமிடம் நல்ல லோடில் ஓட்டிச் சூடேற்றி, பவரை அணைத்து, ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் இளகி வழுக்கும்போதுதான் தூக்கலாம். பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். கிளிசரின் கலந்த சானிடைசர் வேண்டாம், படிவு விட்டுப்போகும்.

இதற்குப் பிறகும் சூடு இறங்காவிட்டால்தான் பர்ஸைத் திறக்கலாம். சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்கு நான்கு ஹீட் பைப்பும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் கிடைக்கும். பைப்பின் உள்ளே கொஞ்சம் தண்ணீர். அது அடியில் ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து, உள்சுவரின் திரி வழியாகத் திரும்பி வரும். மோட்டார் கிடையாது, கெட்டுப்போகவும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: ப்ராசஸரோடு வரும் கூலர் கீழ்நோக்கி ஊதுவதால், பக்கத்தில் மின்சாரத்தைச் சீராக்கும் வி.ஆர்.எம். பகுதிக்கும் காற்றுப் படும். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதும். வி.ஆர்.எம். மேல் ஹீட் சிங்க் இல்லாத மலிவு போர்டில் ப்ராசஸர் குளிர்ந்துகொண்டே போக, போர்டு வெந்துகொண்டிருக்கும். ஓவர்கிளாக் செய்த பின் மெஷின் திடீரென்று வேகம் குறைந்தால் அந்தப் பக்கத்தையும் கவனியுங்கள்.

கேபினெட் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் காற்று உள்ளே நுழைய வழியிருக்காது. பக்கத்துக் கதவைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். பத்து டிகிரி இறங்கினால் குறை கேபினெட்டில்தான் இருக்கிறது, கூலரில் இல்லை. அப்படியே திறந்து போட்டுவிடாதீர்கள், பஞ்சும் தூசியும் பல்லி முட்டையும் சேரும். ப்ளோவரால் தூசி அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

கடைசியில் டெஸ்ட். இரவு ஏ.சி.யில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ‘ஸ்டேபிள்’ என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ரைசன் 3600-க்குக் கம்பெனி வைத்த உச்சவரம்பு 95 டிகிரி. மே மாத மதியம், ஏ.சி. போடாமல், ஒரு மணி நேரம் முழு லோடில் 85-க்குள் நின்றால் அந்த செட்டிங்கை பயாஸில் சேவ் செய்யுங்கள். நிற்காவிட்டால் இன்னொரு 50 மெகாஹெர்ட்ஸை இறக்குங்கள்.