இசைத்தட்டுக்குப் பின்னால் நின்றவர்

உவர்மலை என நாம் அழைக்கும் ஓர்ஸ் ஹில்லில் வீட்டு அறையொன்றில் பாடலைப் பதிவு செய்து உலகெங்கும் அனுப்ப இன்று ஒரு கணினியும் ஒலிவாங்கியும் போதும். இத்தொழிலில் இதனால் எளிதானது எது, எளிதாகாதது எது என்பது எமது இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில், இலங்கையின் முதல் தமிழ் இசைத்தட்டு எனப் பெயர்பெற்ற வெளியீட்டைத் தந்த எம்.பி.பரமேஸ், எம்.பி.கோணேஸ் சகோதரர்கள் திருகோணமலையைச் சேர்ந்தவர்களே.

இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்பவர் யார்? பலர் அவரைப் பணம் போடுபவர் என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அவர் குழுவைத் தெரிவு செய்கிறார். எப்பாடல் பதிவாக வேண்டும், எது கைவிடப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கிறார். பதிவுக் கூடம், அச்சு, விற்பனை ஆகியவற்றின் நட்டத்தைத் தாமே ஏற்கிறார். பாடியவரின் பெயர் நிலைக்கிறது. இவரது பெயர் தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளோடு மறைந்து விடுகிறது.

எமது நாட்டில் இதற்குச் சிறந்த உதாரணம் 'சூரிய' முத்திரையை நிறுவிய ஜெரால்ட் விக்கிரமசூரிய ஆவார். அதற்கு முன்னர் எச்.எம்.வி., கொலம்பியா போன்ற வெளிநாட்டு முத்திரைகளே இங்கு ஆதிக்கம் செலுத்தின. சேலத்தில் பிறந்து சிங்களப் பாடல்களால் புகழ்பெற்ற முகைதீன் பேக் அக்காலத்தவர். கொழும்பு இசைக்குழுக்கள் ஆங்கிலப் பாடல்களைப் பிரதி செய்து கொண்டிருந்த 1960களின் பிற்பகுதியில், சொந்தப் பாடல்களுடன் வந்த இளைஞர்களை விக்கிரமசூரிய தேடிப் பிடித்தார். கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 1966இல் ஆரம்பித்த மூன்ஸ்டோன்ஸ் அவற்றில் ஒன்று. வானொலியில் விஜய கொரயா அவர்களுக்கு இடமளித்தார். இசைத்தட்டில் விக்கிரமசூரிய இடமளித்தார். இவ்விரண்டும் கூடியபோதுதான் சிங்களப் பொப்பிசை ஒரு தொழிலாயிற்று. ஜிப்சீஸ் குழுவின் ஆரம்பப் பாடல்களும் இம்முத்திரையிலேயே வெளிவந்தன.

தமிழ்ப் பொப்பிசைக்கு அத்தகைய நிலையான ஆதரவாளர் ஒருவர் வாய்க்கவில்லை என்பதே எமது கருத்து. திறமைக்குக் குறைவிருக்கவில்லை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி'யும் கடல் கடந்தன. பின்னையது 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்திலும் இடம்பெற்றது. பாடல் போன வேகத்தில் அதன் பலன் திரும்பி வந்ததா என்பது வேறு விடயம்.

1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள், பின்னர் திறந்த பொருளாதாரத்துடன் வந்த ஒலிநாடா, அதைத் தொடர்ந்த யுத்தம் என இசைத்தட்டின் காலம் முடிந்தது. ஒலிநாடாவை எவரும் பிரதி எடுக்கலாம் என்ற நிலையில் தயாரிப்பாளருக்கு என்ன வேலை?

எனினும் சட்டம் அவரை மறக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாடலை ஆக்கியவருக்கு ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை அளிக்கிறது. ஒலிப்பதிவின் தயாரிப்பாளருக்கோ அது வெளியிடப்பட்ட ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். பாடல் வேறு, அதன் பதிவு வேறு. இரண்டுக்கும் உரிமையாளர் வெவ்வேறாக இருக்கலாம். இளம் குழுக்கள் தவறவிடும் இடம் இதுவே.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலைக் கேளாதோர் குறைவு. கோடிக்கணக்கானோர் பார்த்த அப்பாடலால் தமக்கோ, அறிவுக்கோ, தீக்கோ வருமானம் எதுவும் கிடைக்கவில்லை என அதனைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகத் தெரிவித்தார். சரிபிழை ஒருபுறமிருக்க, பெயர்பெற்றவர்களுக்கே இந்நிலையெனில், நண்பரின் கணினியில் வாய்ப்பேச்சு உடன்பாட்டோடு பதிவு செய்யும் எமது தமிழ், முஸ்லிம் இளைஞர்களின் நிலை என்ன? பதிவு யாருடையது, வருமானம் எவ்விகிதத்தில் பிரியும், குழு பிரிந்தால் பாடல் யாருக்கு ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிட அரைமணி நேரம் போதும். அதனை முதற் பாடலைப் பதிவு செய்வதற்கு முன்னரே செய்தல் வேண்டும்.